பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டு இரண்டு இரவு போய்வரலாமா? அவர்கள் சேர்ந்து சுடக்கூடிய இலகுவான பிஸ்கற் எது?

உவர்மலை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நானும் கணவரும் திருகோணமலை நகரிலேயே வேலை செய்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. மகள் பிறந்த பிறகு நாங்கள் இருவரும் தனியாக ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை. கோயில் திருவிழாவானாலும் உறவினர் கல்யாணமானாலும் நால்வருமாகவே போய்வந்திருக்கிறோம். அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் எங்கள் பேச்சு பிள்ளைகளின் ரியூசன் நேரம், மின்கட்டணம், காஸ் முடிந்துவிட்டதா என்பதோடு நின்றுவிடுகிறது என்பதை இருவருமே உணர்ந்திருக்கிறோம். ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டு இரவு பிள்ளைகளுடன் நிற்பதற்கு என் அம்மா தாமாகவே முன்வந்திருக்கிறார்.

மற்றவர்கள் உல்லாசமாக இருக்க வரும் ஊரில் குடியிருக்கும் நாங்கள் எங்கே போவது என்பது முதற்கேள்வி. நுவரெலியா என்று கணவர் சொல்கிறார்; போகவும் வரவும் ஒவ்வொரு பகல் பயணத்திலேயே கழிந்துவிடும் என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இரண்டாவது, மகனைப் பற்றியது. நான் வேலை முடிந்து வரும் பின்னேரம் நான்கு மணிக்கு அவன் படலையடியில் வந்து நிற்பான். அந்த நேரத்துக்கு அவனுக்குப் பிடித்த பிஸ்கற் எதையாவது சுட்டு வைத்துவிட்டுப் போனால் என் மனம் ஆறும் என்று நினைக்கிறேன். முட்டை சேர்க்காத, கெட்டுப்போகாத ஒரு செய்முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளி வாசி:

சகோதரி, ஓகஸ்ட் மாதத்தில் நம்முடைய கடலை விட்டுவிட்டு மலைக்கு ஏன் போக வேண்டும்? வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் கடலில் கால் வைக்க முடியாது. சித்திரை பிறந்து புரட்டாதி வரையில்தான் அது குளம்போல் அடங்கிக் கிடக்கும். நிலாவெளி உங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர். இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வந்தாலும் அரை மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் புறாமலைக்குப் போனதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தமான விடயம். 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவு கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. காலையில் முதல் படகுகளில் போய்விடுங்கள். வெயிலும் கூட்டமும் ஏறுவதற்கு முன் தண்ணீர் தெளிவாக இருக்கும். கண்ணாடியும் மிதவை அங்கியும் அணிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாலே பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் காணலாம். ஆட்களுக்குத் தீங்கு செய்யாத சிறிய சுறாக்களும் அங்கே உண்டு. பவளத்தின் மேல் மட்டும் தயவுசெய்து கால் ஊன்றாதீர்கள். அது உயிருள்ளது, முறிந்தால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். வெளிநாட்டவர் வரும் காலம் என்பதால் அறை வாடகை ஏறியிருக்கும், ஆகவே வார இறுதியைத் தவிர்த்து இப்போதே பேசி வையுங்கள்.

கந்தளாய்ச் சகோதரன்:

நிலாவெளி அழகான இடம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் வீட்டுக்கு அவ்வளவு கிட்டத்தில் தங்கினால் நீங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டதாகவே ஆகாது. தெரிந்தவர்கள் நாலு பேரைக் கடற்கரையில் காண்பீர்கள். மாலையில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவோமே என்று தோன்றும். எட்டிப் பார்த்தால் பிள்ளை காலைக் கட்டிக்கொள்வான், அந்த இரவு உங்களுடையதாக இராது.

ஹபரணைக்குப் போய்ப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீற்றர்தான். ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் மற்றைய நீர்நிலைகள் வற்றிவிடுவதால், ஹபரணைக்குக் கிட்டத்தில் மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தின் கரையில் முளைக்கும் பச்சைப் புல்லைத் தேடி யானைகள் கூட்டங்கூட்டமாக வந்து சேரும். பின்னேரம் ஜீப்பில் போனால் குட்டிகளை நடுவில் விட்டுப் பெரிய யானைகள் சுற்றி நிற்பதைக் காணலாம். என் மனைவியும் நானும் அதைப் பார்த்த நாளில் வழக்கமாக வீட்டில் பேசும் எதையும் பேசவில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டிய பிறகு யானைகள் வீதிக்கு வரும், ஆகையால் பகலிலேயே போய்ப் பகலிலேயே திரும்புங்கள்.

தம்பலகாமம் அம்மம்மா:

மகள், எங்கே போவது என்பதை நீங்கள் இருவரும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளை வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் வீட்டுப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளை அம்மாவின் வீட்டுக்கு அனுப்பாமல் அம்மாவை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தன்னுடைய பாயும் தலையணையும் பழகிய இருட்டும் வேண்டும். அவன் நித்திரையாய் இருக்கும்போது சொல்லாமல் போய்விடாதீர்கள். அப்படிப் போனால் அதன்பிறகு பல நாளைக்கு நீங்கள் கடைக்குப் போனாலும் சேலையைப் பிடித்துக்கொள்வான். இரண்டு தரம் நித்திரை கொண்டு எழும்பினால் அம்மா வந்துவிடுவார் என்று முதல் நாளே சொல்லுங்கள், அவனுக்கு அந்தக் கணக்கு விளங்கும். தொலைபேசியில் ஒரு நாளைக்கு ஒருமுறை, காலையில் பேசினால் போதும். இரவில் உங்கள் குரல் கேட்டால் அடங்கியிருந்த அழுகையும் வந்துவிடும்.

பிஸ்கற் விடயத்தில் உங்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் சுட்டு வைத்துவிட்டுப் போகாதீர்கள். பேணி நிறைய இருக்கும் பிஸ்கற்றைப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் தின்றுவிட்டுத் திரும்பவும் படலையைத்தான் பார்ப்பான். நான்கு மணிக்கு அவன் கைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். மாவை மட்டும் பிசைந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள். அம்மம்மா வெட்ட, அக்கா தட்டில் அடுக்க, தம்பி முள்ளுக்கரண்டியால் கோடு போடட்டும். அவர்களே சுட்டு, ஆறவைத்து, உங்களுக்கென்று நாலைந்தை எடுத்து வைப்பதற்குள் பொழுது பட்டுவிடும்.

மட்டக்களப்பு வெதுப்பாளர்:

அம்மம்மா சொன்னதற்குப் பொருத்தமான செய்முறை இருக்கிறது. வீட்டில் சுட்டு விற்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நிறைப்படி சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு பங்கு, மா மூன்று பங்கு என்பதுதான் அடிப்படை. அதாவது 100 கிராம் ஐசிங் சீனி, 200 கிராம் பட்டர், 300 கிராம் கோதுமை மா. அந்த 300 கிராமில் 50 கிராமுக்குப் பதிலாக, புட்டுக்கு வைத்திருக்கும் வறுத்த அரிசி மாவைச் சேர்த்தால் கடிக்கும்போது நன்றாக மொறுமொறுக்கும். முட்டையும் வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம். பட்டரையும் சீனியையும் குழைத்து, ஒரு சிட்டிகை உப்பும் வனிலாவும் விட்டு, மாவைக் கொட்டி ஒன்றுசேரும் வரை மட்டும் பிசையுங்கள். அதிகம் பிசைந்தால் பிஸ்கற் இறுகிவிடும். இதை உருளையாக உருட்டி, பொலித்தீனில் இறுக்கிச் சுற்றிக் குளிரில் வைத்தால் மூன்று நாட்கள் தாராளமாக இருக்கும்.

நம்முடைய ஊர் வெக்கையில் மாவைக் குளிர வைப்பது கட்டாயம். பட்டர் இளகிய நிலையில் அவணுக்குள் போனால், மா வெந்து இறுகுமுன் அது உருகி ஓடி, பிஸ்கற்றுகள் தோசைபோல் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த உருளையை ஒரு சென்றிமீற்றர் தடிப்பில் வெட்டி, 170 பாகை செல்சியசில் 15 முதல் 18 நிமிடங்கள் விட்டால் ஓரம் இளஞ்சிவப்பாகும். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறிய பின்பே இறுகும். வேகவில்லை என்று எண்ணி மீண்டும் வைத்தால் அடி கருகிவிடும். முற்றாக ஆறாமல் பேணியை மூடினால் உள்ளே ஆவி தங்கி எல்லாம் நமத்துப்போகும். உப்புக்காற்றில் நமத்தவற்றை 150 பாகையில் ஐந்து நிமிடங்கள் வைத்தெடுத்தால் திரும்பவும் மொறுமொறுப்பு வந்துவிடும். மேலே சொன்ன அளவுக்கு 20 கிராம் வீதம் ஏறத்தாழ 30 பிஸ்கற்றுகள் கிடைக்கும்.

உவர்மலை வாசகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பிசைந்து வைத்துவிட்டுப் போவது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அம்மா மின்சார அவணைத் தொடப் பயப்படுவார், காஸ் அடுப்புத்தான் அவருக்குப் பழக்கம். அடுப்பில் சுட முடியுமா? பட்டருக்குப் பதிலாக நெய் சேர்க்கலாமா? மகன் பச்சை மாவை அள்ளித் தின்னக்கூடியவன்; முட்டை இல்லாததால் பரவாயில்லைதானே?

போகும் இடத்தைப் பற்றி நேற்று இரவு கணவரும் நானும் நெடுநேரம் பேசினோம். முதல்முறை என்பதால் கிட்டத்திலேயே இருந்து பார்ப்போம் என்று நிலாவெளியைத் தெரிவு செய்திருக்கிறோம். கந்தளாய்ச் சகோதரன் சொன்ன எச்சரிக்கையை ஏற்று, இடையில் வீட்டுக்கு வருவதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

மட்டக்களப்பு வெதுப்பாளர்:

அடுப்பில் தாராளமாகச் சுடலாம். அடி கனத்த அலுமினியச் சட்டியில் ஒரு விரல் உயரத்துக்கு உப்புத்தூளோ காய்ந்த மணலோ பரப்பி, அதன்மேல் கம்பி வளையம் வைத்து, மூடி, நடுத்தர நெருப்பில் பத்து நிமிடங்கள் சூடேற்றுங்கள். பிறகு பிஸ்கற் தட்டை உள்ளே வைத்து, நெருப்பைக் குறைத்து 20 முதல் 25 நிமிடங்கள் விடுங்கள். கீழிருந்து மட்டுமே சூடு வருவதால் அடிப்பக்கம் முந்திச் சிவக்கும், தட்டை இரட்டையாக வைத்தால் தப்பலாம். ஒட்டாத பூச்சுள்ள சட்டியை இதற்குப் பாவிக்க வேண்டாம், வெறுமையாகக் காய்ந்தால் பூச்சு பழுதாகிவிடும்.

பட்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர் உண்டு, நெய்யில் அது இல்லை. ஆகவே 200 கிராம் பட்டருக்கு 160 கிராம் உறைந்த நெய் போதும். பிஸ்கற் இன்னும் பொருபொருவென்று வரும், ஆனால் உருளை வெட்டும்போது உதிரக்கூடும். மாவை நெல்லிக்காய் அளவில் உருட்டிப் பெருவிரலால் அமத்தச் சொல்லுங்கள், மகனுக்கு அது இன்னும் பிடிக்கும்.

பச்சை மாவை மட்டும் தின்ன விடாதீர்கள். முட்டை இல்லாவிட்டாலும் கோதுமை மா வேகாத பொருள்தான், அதிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். பிசைந்த கையைச் சவர்க்காரத்தால் கழுவ வைத்து, முதல் தட்டில் ஆறியதில் ஒன்றை உடனே கையில் கொடுத்துவிடுங்கள். அம்மா வந்து சேரும் நாளிலேயே நீங்கள் பக்கத்தில் நிற்க அவர் ஒரு தட்டைச் சுட்டுப் பார்த்தால், உங்கள் அடுப்புக்கு எத்தனை நிமிடம் என்பதும் தெரிந்துவிடும்.