ஒரே கம்பியில் சிக்குக் கோலம் கிரில்: சதுரத்தில் கோடு ஒன்றாக வருமா?

பட்டறை_வலங்கைமான்:
வணக்கம். வலங்கைமான் பக்கம் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு வீட்டுக்காரர் இரண்டு கதவு ஜன்னலுக்குச் சிக்குக் கோலம் போட்ட கிரில் கேட்கிறார். கதவு ஒவ்வொன்றும் 20 அங்குலச் சதுரம், 6 எம்எம் கம்பி. தரையில் சாக்பீஸால் 5க்கு 5 நேர்ப்புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி 4 அங்குலம் விட்டு, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லாம் கோட்டைக் குறுக்கே விட்டு வரைந்தேன். பார்க்க அழகுதான், ஆனால் ஐந்து தனித்தனி வளையமாக வருகிறது. அவருக்கோ ஒரே கோடாக ஓட வேண்டும், அவருடைய அம்மா மார்கழியில் அப்படித்தான் போடுவார்களாம். சதுரத்தில், நாலு பக்கமும் ஒரே மாதிரி தெரிய, ஒரே கோடு வருமா? இரண்டு கதவும் ஜோடியாகவும் இருக்க வேண்டும்.

நன்னிலம்_கணக்கு:
வரும் தம்பி. முதலில் ஏன் ஐந்து வந்தது என்று பார்த்துவிடுங்கள், மற்ற அளவுக்கும் உதவும். எல்லா இடத்திலும் குறுக்கே விட்டால் கோடு, கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் சாய்வாக ஓடி ஓரத்தில் மோதித் திரும்புவது போலத்தான் ஓடும். அகலமும் உயரமும் சமமாக இருந்தால் சீக்கிரமே தொடங்கிய இடத்துக்கு வந்து மூடிக்கொள்ளும், மீதி இடத்துக்கு வேறு கோடு தேவைப்படும். எத்தனை கோடு என்பது இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான். 5க்கு 5 என்றால் 5 கோடு, 6க்கு 4 என்றால் 2, 2க்கு 3 என்றால் 1, 5க்கு 8 என்றாலும் 1. ஆகவே ஜன்னல் நீளவாக்கில் இருந்திருந்தால் 5க்கு 8 போட்டு, இடவலமும் மேல்கீழும் கண்ணாடி போல ஒத்துப்போக, ஒரே கோட்டில் முடித்திருக்கலாம்.

உங்களுக்குச் சதுரம்தான் என்பதால் இப்படிச் செய்யுங்கள். நட்டநடுப் புள்ளியைத் தனியாக விடுங்கள், மீதி 24. இடது மேல் மூலையில் அகலம் 3, உயரம் 2 என்று ஆறு புள்ளி. வலது மேல் மூலையில் அகலம் 2, உயரம் 3. வலது கீழே மறுபடி அகலம் 3, உயரம் 2. இடது கீழே அகலம் 2, உயரம் 3. நடுப்புள்ளியைச் சுற்றி நாலு செவ்வகமும் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுவது போல உட்காரும். 2க்கு 3 ஒரே கோடு என்பதால் இப்போது கையில் நாலு வளையம், நடுப்புள்ளியைச் சுற்றி ஒன்று, ஆக ஐந்து. இரண்டு வெவ்வேறு வளையம் ஒட்டி நிற்கும் இடத்தில் ஒரு குறுக்கு போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், இது தவறவே தவறாது. நடுப்புள்ளிக்கு மேலே, கீழே, இரண்டு பக்கம் இருக்கும் புள்ளிகள் நாலும் நாலு வேறு செவ்வகத்தில் இருப்பதைக் கவனியுங்கள். செவ்வகத்துக்குள் முன்பு போல எல்லா இடத்திலும் குறுக்கு, வெளியே நடுப்புள்ளிக்கும் அந்த நாலு புள்ளிக்கும் நடுவே மட்டும் குறுக்கு. ஐந்து வளையம், நாலு இணைப்பு, ஒரே கோடு. கால் சுற்று திருப்பினால் அதே படம்.

இயற்பியலாளர் எஸ். நாரணன் ஃபிபனாச்சி எண்களை (1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) வைத்துக் கோலம் அமைத்தது இந்த வழியில்தான்: 5×5 என்பது 1×1-ம் நாலு 2×3-ம் சேர்ந்தது, 8×8 என்பது 2×2-ம் நாலு 3×5-ம். அதற்கு முன்பே 1974-ல் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி குழுவினர் கோலத்தின் இலக்கணத்தைக் கணினியியல் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். வாசலில் சாணி தெளித்துப் போட்டதை இவ்வளவு மரியாதையோடு பார்த்தவர்கள் இவர்கள்.

பாபநாசம்_அக்கா:
டீச்சர் சொன்னதை நோட்டில் போட்டுப் பார்த்தேன், வந்துவிட்டது. ஆனால் தம்பி, இது கண்ணாடி ஒப்புமை இல்லை, சுழற்சி ஒப்புமை. பார்த்தால் ஒரு பக்கமாகச் சுற்றுவது தெரியும். தாராசுரத்துக் கல் தேர்ச் சக்கரத்தில் ஆரத்துக்கு இரண்டு பக்கமும் சமம் என்பதால் எந்தப் பக்கம் உருளும் என்று சொல்ல முடியாது, இதில் அப்படி இல்லை. அதனால் இரண்டு கதவிலும் அதையே வைத்தால் ஜோடி மாதிரி இருக்காது, ஒன்றையே இரண்டு முறை மாட்டியது போல இருக்கும். ஒன்றை இடம்புரியாகவும் மற்றதை வலம்புரியாகவும் வையுங்கள். அப்புறம் புள்ளி: கோலத்தில் புள்ளி இல்லாவிட்டால் வெறிச்சென்று இருக்கும், கிரிலில் அது அந்தரத்தில் நிற்காது. குண்டு வைத்து முட்டுக் கொடுக்க வேண்டாம், கோடே அழகு.

திருவாரூர்_வெல்டர்:
தம்பி, ஒரே கம்பியை முழுசாக வளைத்துக்கொண்டு போகாதீர்கள், 32 இடத்தில் குறுக்கே வருகிறது, கை போய்விடும். கோடு ஒன்றாகவும் கால் சுற்றுக்கு ஒத்தும் இருப்பதால், எந்த இடத்தில் வெட்டத் தொடங்கினாலும் அச்சு அசலாக நாலு சம துண்டாகப் பிரியும். ஒரு துண்டுக்கு மட்டும் தகட்டில் அச்சு செய்யுங்கள், நாலு வளையுங்கள், கோடு குறுக்கிடும் இடத்தில் ஒட்டு வருகிற மாதிரி வெட்டுங்கள், ஒட்டு வெளியே தெரியாது. சணலைப் படத்தின் மேல் ஓட்டி நீளம் எடுத்து நாலால் வகுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வகங்கள் முதுகோடு முதுகு தொடும் இடம் 8, அங்கே குறுக்கு இல்லாததால் பலம் குறைவு, கட்டாயம் டாக் (சின்னப் புள்ளி வெல்டு) வையுங்கள். ஃபிரேமில் பக்கத்துக்கு 5, மொத்தம் 20 இடத்தில் வளைவு தொடும்.

பட்டறை_வலங்கைமான்:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. இரண்டாவது கதவுக்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும் என்றால் இன்னொரு அச்சு செய்ய வேண்டுமா அண்ணே?

திருவாரூர்_வெல்டர்:
வேண்டாம். அதே அச்சில் இன்னும் நாலு துண்டு வளைத்து, புரட்டிப் போட்டு வெல்டு வையுங்கள். உருண்டைக் கம்பிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. கீல் வைக்கும் பக்கத்தை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள், பெயிண்ட் அடித்த பிறகு இடது எது வலது எது என்று தேடுவது பெரிய பாடு.