கூகுளில் ஆளைத் தேடிப் பிடித்த அனுபவம்: நீங்களும் சொல்லுங்களேன்

திருப்பத்தூர்க்காரன்:
அப்பாவின் அக்கா கல்யாணமான கையோடு 1958-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயா போனவர். எழுபதுகளில் கடிதம் நின்றுபோனது. போன வருஷம் அப்பா, "அக்கா இருக்காளான்னு உன் கம்ப்யூட்டர்ல பாரேன்" என்றார்.

அத்தை பெயர் லட்சுமி. நம்மூர் வழக்கப்படி இங்கிலீஷில் கே, எஸ், எச் போட்டு எழுதி, பக்கத்தில் அத்தை போன ஊரான ஈப்போ என்று அடித்தேன். கோயிலும் நகைக்கடையுமாக வந்து கொட்டியது. மாதக்கணக்கில் இதே கதை.

அப்புறம் மலேசியாவின் கிள்ளானில் இருந்து வந்த ஆபீஸ் நண்பரிடம் புலம்பினேன். சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல லெட்சுமிலா! எல், இ, டி, சி, எச் போட்டுப் பாருங்க." அங்கே இனிஷியலும் கிடையாதாம். பெண் என்றால் பெயருக்குப் பின்னால் ஏ/பி, ஆண் என்றால் ஏ/எல், அதற்கப்புறம் அப்பா பெயர். ஏ/பி என்றால் மலாய் மொழியில் 'அனாக் பெரெம்புவான்', மகள் என்று அர்த்தம். கல்யாணமானாலும் அது மாறாது. நானோ மாமா பெயரின் முதலெழுத்தைப் போட்டு அத்தனை நாள் தேடியிருக்கிறேன்!

அத்தை பெயர், ஏ/பி, தாத்தா பெயர். மூன்றையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் போட்டேன். மூன்றாவதாக வந்தது ஒரு மரண அறிவிப்பு. 2016. படத்தில் அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது.

மல்லிகா, மதுரை:
இனிஷியல் பாடு எனக்கும் உண்டு. பள்ளித் தோழி ஒருத்தி ஆர்க்குட்டில் இருந்தாள். 2014-ல் அதை மூடியதும் விட்டுப்போனது. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் என்ன எழுத்துப் போடுகிறாள் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் அவள் அண்ணனைத் தேடினேன். ஆண்களுக்கு இனிஷியல் மாறாதே! ஒரே நாளில் கிடைத்துவிட்டார்.

சரி, அப்பாவிடம் சொன்னீர்களா?

திருப்பத்தூர்க்காரன்:
இரண்டு நாள் சொல்லவில்லை. சொன்னபோது அழவில்லை, படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். கீழே பிள்ளைகளின் பெயர் இருந்ததை அவர்தான் முதலில் கவனித்தார். கடைக்குட்டிக்குத் தாத்தாவின் பெயர்.

அந்தப் பையனை, பையன் என்ன, ஐம்பது வயசுக்காரர், ஃபேஸ்புக்கில் பிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். அவர் பேசும் தமிழ் அப்பாவுக்குப் பாதிதான் புரிகிறது. ஆனாலும் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.