வயர் தோலை உரிக்கக் கத்தியா, ஸ்ட்ரிப்பரா?

கானாடுகாத்தான் வீட்டுக்காரர்:
பெரிய வீட்டின் முகப்பிலும் பட்டாசாலையிலும் வயரிங் மாற்றுகிறோம். வேலைக்கு வந்த பையன் லைட்டரால் சூடு காட்டி, இளகிய தோலைப் பல்லால் இழுக்கிறான். கேட்டால், கம்பியில் கத்தி படாது, அதனால் நல்லது என்கிறான். சரிதானா?

காரைக்குடி வயர்மேன்:
முதலில் அந்த லைட்டரைப் பிடுங்குங்கள். கம்பியில் கரி ஒட்டும், உரிக்காமல் விட்ட தோலும் வெந்து போகும். கத்தியே போதும். குறுக்கே வட்டமாக அறுக்கக் கூடாது, அவ்வளவுதான். கத்தியைப் படுக்கப் போட்டு, பென்சில் சீவுவது மாதிரி நுனிப் பக்கமாகச் சீவ வேண்டும்.

பள்ளத்தூர் டிப்ளமோ:
அண்ணே, உங்கள் கை பழகின கை. அந்தப் பையனிடம் கத்தியைக் கொடுத்தால் என்ன ஆகும்? 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் 0.3 மில்லிமீட்டர் இழைகள் 36 இருக்கும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் நாலைந்து போய்விடும். மிச்ச இழைகள்தான் மொத்தக் கரண்டையும் தாங்கணும். அயர்ன் பாக்ஸ் போடுகிற பாயிண்ட்டில் அந்த இடம் சூடேறும். ஸ்ட்ரிப்பர் என்பது தோல் உரிக்கிற இடுக்கி; அதில் வயர் அளவுக்கு ஏற்ற குழி இருக்கு, கை நடுங்கினாலும் பிரச்சினை இல்லை.

காரைக்குடி வயர்மேன்:
குழி மாறினால்? 2.5 வயரை 1.5 குழியில் வைத்து இழுக்கிற ஆட்களைத் தினமும் பார்க்கிறேன் தம்பி. கத்தி ஒரு பக்கம்தான் கீறும், உங்கள் ஸ்ட்ரிப்பர் சுற்றி வரக் கீறும்.

பள்ளத்தூர் டிப்ளமோ:
அது ஆளோட குற்றம், கருவியோட குற்றம் இல்லை. துண்டு வயரில் பெரிய குழியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் சரியான குழி தெரிந்துவிடும்.

கானாடுகாத்தான் வீட்டுக்காரர்:
இரண்டாம் கட்டில் சுவரில் அடித்த தேக்குப் பட்டைக்குள் பழைய ரப்பர் வயர், மேலே துணி சுற்றியிருக்கு. சுவிட்ச் பெட்டிக்குள் ரெண்டு அங்குலம்தான் நீட்டிக்கொண்டிருக்கு. அதையும் புது வயரோடு சேர்க்கலாமா?

காரைக்குடி வயர்மேன்:
பட்டைக்குள் ஓடுவது பெரும்பாலும் மூணு இருபது (3/20) என்கிற பழைய அளவு வயர்தான். உள்ளே மூன்றே கம்பி, ஒன்று ஒடிந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ரப்பரும் காய்ந்திருக்கும், வளைத்தாலே பொலபொலவென உதிரும். உரிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பள்ளத்தூர் டிப்ளமோ:
இதில் மட்டும் அண்ணன் கட்சி. ரப்பரில் இருக்கிற கந்தகம் செம்பை அரிக்கும் என்றுதான் அந்தக் காலத்தில் கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். கத்தியால் சுரண்டினால் அந்தப் பூச்சும் போய்விடும்.

கானாடுகாத்தான் வீட்டுக்காரர்:
சரி, அதை மாற்றிவிடுகிறேன். புது வயருக்குப் பையனிடம் ஸ்ட்ரிப்பர் கொடுக்கிறேன்.

காரைக்குடி வயர்மேன்:
கொடுங்கள். உரித்த முனையில் ஒற்றைக் கம்பியானால் ஒருதரம் மடக்கிப் பாருங்கள். தோல் முடிகிற இடத்தில் ஒடிந்தால் அங்கே கீறல் இருந்திருக்கும்.

பள்ளத்தூர் டிப்ளமோ:
கத்தியால் சீவினதையும் மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கண்ணே!