எஞ்சின் விளக்கு கண்ணடிப்பதற்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே மோட்டார் சைக்கிளைப் பராமரிப்பதற்கான கைந்நூல் வெள்ளி காலை அச்சகத்துக்குப் போகிறது. நாற்பது பக்கங்களில் ஒன்று மட்டும் என்னை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

கார்புரேற்றர் போய், எரிபொருளை மின்னணு முறையில் உட்செலுத்தும் வண்டிகள் வந்தபின் பழுதை வண்டியே சொல்லிவிடுகிறது. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் வேகமானிக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரியும். ஹொண்டா வண்டிகள் பலவற்றில் நீண்டு எரிந்தால் பத்து, சட்டென்று எரிந்து அணைந்தால் ஒன்று. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் 12: எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டரின் மின்சுற்றில் கோளாறு. ஏழு குட்டை என்றால் எஞ்சின் வெப்பநிலையை உணரும் உணரி.

வரைவில் "சிமிட்டல்களை எண்ணவும்" என்று எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வகுப்பு. ஒரு பையன் எண்ணிவிட்டு "மூன்று, சேர்" என்றான். அந்த வண்டிக்குரிய பட்டியலில் மூன்று என்று ஒன்றே இல்லை. நான் அடுத்த வண்டியின் பிரேக் கட்டைகளில் மூழ்கியிருந்ததால், அவன் தன் போக்கில் பெற்றோல் தாங்கியைக் கழற்றி பம்பை வெளியே எடுத்துவிட்டான். மத்தியானத்துக்குப் பிறகு நான் குனிந்து பார்த்தேன். நீளம், குட்டை, குட்டை. இன்ஜெக்டரின் செருகியை இழுத்தால், உள்ளே இருந்த இரண்டு முனைகளில் ஒன்று பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. கடற்காற்றில் நிறுத்தும் வண்டிக்கு வேறென்ன வரும்? சுரண்டித் துடைத்து மாட்டியதும் வண்டி முதல் உதையிலேயே பற்றிக்கொண்டது.

பிழை பையனுடையது அல்ல, என் சொல்லினுடையது. விளக்கின் இந்தச் செயலுக்கு ஒரு சொல், அதன் நீளத்துக்கும் குட்டைக்கும் இரண்டு சொற்கள். மூன்றையும் தாருங்கள்.

பஞ்சிகாவத்தையிலிருந்து, திங்கள் இரவு

அண்ணன், உதிரிப்பாகக் கடையில் இருபது வருடமாக நிற்கிறேன். யாரும் சிமிட்டல் என்று கேட்டு வந்ததில்லை. கராஜ் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) "பெரிய அடி, சின்ன அடி" என்கிறார்கள். "ஒரு பெரிய அடி, இரண்டு சின்ன அடி" என்றால் போதும், இன்ஜெக்டரை எடுத்து மேசையில் வைத்துவிடுவேன். அதையே எழுதுங்கள்.

தெகிவளையிலிருந்து, செவ்வாய் காலை

பஞ்சிகாவத்தைத் தம்பியின் "அடி" எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் யாப்பில், செய்யுளின் வரியாக, அடி ஏற்கெனவே குடியிருக்கிறது. பெரிய அடியை யாராவது திருத்தி நெடிலடி என்று எழுதப்போனால் ஐந்து சீராகிவிடும். ஐந்து சீருக்கு என்ன உதிரிப்பாகம் கொடுப்பீர்கள், தம்பி?

நீளத்துக்கும் குட்டைக்கும் சொல் தேடி அலைவதே எனக்கு வியப்பாக இருக்கிறது. நெடில், குறில். முதலாம் வகுப்பில் படித்தது. அதோடு ஒன்றைக் கவனியுங்கள்: எழுத்தின் ஒலியை அளக்கும் மாத்திரைக்குத் தொல்காப்பியம் கொடுக்கும் அளவே "கண்ணிமை நொடி"தான். இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம். நன்னூலும் இமையையும் நொடியையுமே சொல்கிறது. இமைப்பை வைத்து எழுத்தை அளந்த இலக்கணம் நம்முடையது. விளக்கின் இமைப்பை எழுத்தை வைத்து அளந்தால் கடன் தீர்ந்தது. எனவே அந்தச் செயலின் பெயர் "மாத்திரை". அதன் வகை நெடில் மாத்திரை, குறில் மாத்திரை. அணையாமல் தொடர்ந்து எரிந்தால் அளபெடை!

சென்னையிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, "நெடில் மாத்திரை ஒன்று, குறில் மாத்திரை இரண்டு" என்று அச்சிட்டால் எங்கள் ஊர் வாசகர் அதைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்றுதான் கேட்பார். "ஒளிர்குறி" என்று புதிதாக ஆக்கிவிடலாமே. பழைய சொல்லுக்குப் புதுவேலை கொடுத்தால் இரண்டு வேலையும் கெடும்.

தெகிவளையிலிருந்து, செவ்வாய் மதியம்

எங்கள் ஊரில் விழுங்குவது குளிசை. மாத்திரை இங்கே வேலையில்லாமல்தான் இருக்கிறது.

மட்டக்களப்பிலிருந்து, செவ்வாய் இரவு

எல்லோரும் நொடியை மறந்துவிட்டீர்கள். விரலால் நொடிப்பது நொடி. அதற்கு ஆகும் நேரமும் நொடி. எங்கள் அம்மம்மா மாலையில் போட்ட விடுகதையும் நொடி. "நொடி போடுகிறேன், அவிழ்" என்பார். இந்த விளக்கு செய்வதும் அதுதானே? நொடிப்பொழுது எரிந்து நொடி போடுகிறது; நாம் அவிழ்க்கிறோம். பழுதைக் கண்டுபிடித்தல் நொடியவிழ்த்தல் ஆகிவிடும். மேலும் "நொடித்தல்" என்றால் கெட்டுப்போதலும்தான். வியாபாரம் நொடித்துவிட்டது என்கிறோம் அல்லவா? ஒரே சொல்லில் நேரம், புதிர், பழுது மூன்றும்! "நொடி"க்கும் "நுடக்க"த்துக்கும் உறவு உண்டா என்று இரவெல்லாம் அகராதியைப் புரட்டினேன். அது வேறு மடலுக்கு.

சென்னையிலிருந்து, செவ்வாய் இரவு

இங்கே கடிகாரத்தின் வினாடியைத்தான் நொடி என்கிறோம். "நெடில் நொடி 1.3 நொடி நீடிக்கும்" என்று எழுதிப் பாருங்கள்.

மொறட்டுவையிலிருந்து, புதன் காலை

உங்கள் நொடி எங்கள் பாடப்புத்தகத்தில் செக்கன், ஆகவே அந்த விபத்து இங்கே நடக்காது. வேகம் கூடுவதை ஆர்முடுகல், குறைவதை அமர்முடுகல் என்று படித்த பிள்ளைகள் எங்களுடையவர்கள். முடுக்கம் படித்தவர்களுக்கு அவை எப்படி ஒலிக்கும் என்று தெரியும். இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தெகிவளை ஐயாவின் நெடில், குறிலுக்கு என் வாக்கு. கணக்கும் ஒத்துவருகிறது. சில யமஹா கையேடுகளில் பத்துக்குரியது ஒரு செக்கன், ஒன்றுக்குரியது அரைச் செக்கன். சரியாக இரண்டு மாத்திரை, ஒரு மாத்திரை! ஹொண்டாவில் நெடில் 1.3 செக்கன், அது கொஞ்சம் இழுத்துப் பாடும் குடும்பம்.

ஆனால் "மாத்திரை" வேண்டாம். அது அளவின் பெயர், செயலின் பெயர் அல்ல. செயலுக்கு "இமைப்பு" போதும். கண் மூடித் திறப்பதும் இமைத்தல். விண்மீன் மினுங்குவதும் இமைத்தல். விளக்குக்கு இரண்டும் பொருந்துகிறது. "சிமிட்டல்" என்றால் வகுப்பில் பின்வரிசை சிரிக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் அங்கிருந்து வரும் வண்டிகளில் ஓபிடி (வண்டி தன் பழுதைத் தானே அறியும் முறை) கருவிக்கான செருகுவாய் இருக்கிறது. வாசிப்புக் கருவியைச் செருகினால் இன்ஜெக்டர் மின்சுற்றுக்கு பி0201 என்ற குறியீட்டை நேராகவே காட்டும். இமைப்பை எண்ணும் வேலை இன்னும் எத்தனை காலம் இருக்குமோ தெரியாது. சாகப்போகிற வழக்கத்துக்குச் சொல் செய்துகொண்டிருக்கிறோம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பஞ்சிகாவத்தையிலிருந்து, புதன் மதியம்

அக்கா, அந்தக் கருவி எல்லார் வீட்டிலும் இல்லை. கண் எல்லாருக்கும் இருக்கிறது. கொழும்பில் ஓடும் பழைய வண்டிகள் இன்னும் பத்து வருடம் ஓடும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வாரத்துக்கு நாலு லீற்றர் பெற்றோலில் ஓட்டிப் பழகிய சனம் இது; வண்டியை இலேசில் மாற்றமாட்டார்கள். நெடில், குறில் எனக்குச் சம்மதம். "இமைப்பு" என்று கடையில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் விளங்கும்.

தெகிவளையிலிருந்து, புதன் இரவு

சிரிப்பதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் உடற்கூற்றியலை அங்காதிபாதம் என்று எழுதினார். எவ்வளவு அழகான சொல்! இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அது செத்தது சிரிப்பால் அல்ல, யாரும் வாயில் போடாததால். மாத்திரையை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து, வியாழன் இரவு

இன்று அதே பையனை அழைத்துச் சோதித்தேன். வேறொரு வண்டி, வெப்பநிலை உணரியின் செருகியை நானே கழற்றி ஒளித்து வைத்திருந்தேன். "நெடில் இருக்கிறதா என்று முதலில் பார்" என்று மட்டும் சொன்னேன். விளக்கையே பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் "க, க, க" என்று ஏழு தடவை சொன்னான். "நெடில் இல்லை சேர். ஏழு குறில்." பன்னிரண்டு வந்தால் எப்படிச் சொல்வாய் என்றேன். "கா, க, க" என்றான். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே இமைப்பு, நெடில் இமைப்பு, குறில் இமைப்பு. ஒளிர்குறிக்கு ஒரு வாக்கு, நொடிக்கு ஒரு வாக்கு, மாத்திரைக்கு ஒரு வாக்கும் ஓர் அடிக்குறிப்பும். அந்த அடிக்குறிப்புக்குப் பக்கத்தில் இடமில்லை, ஐயா, மன்னியுங்கள். கா, க, க மட்டும் உள்ளே போய்விட்டது.

கடைசியாக ஒன்று. சங்கிலியின் கீழ்ப்புற நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் அது ஆடும் அளவை, வண்டிக்கு வண்டி கையேட்டைப் பார்க்கவேண்டும் என்ற எச்சரிக்கையுடன், "தொய்வு: 25 முதல் 35 மில்லிமீற்றர்" என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

தெகிவளையிலிருந்து, வியாழன் நள்ளிரவு

தொய்வு என்பது மூச்சிழுப்பு நோய். எங்கள் வீட்டிலேயே ஒருவருக்கு இருக்கிறது. சங்கிலிக்குத் தொய்வு என்று எழுதினால், சென்னை நண்பர் இப்போது மாத்திரையோடு வந்து நிற்பார். "தளர்வு" என்று மாற்றவும். வேர் பற்றிக் காலையில் விரிவாக எழுதுகிறேன்.