துருப்பிடித்த பழைய மோரா ஐஸ் ஆகர்: டிரில்லில் மாட்டலாமா?

ஸ்கார்பரோ_தூண்டில்:
பக்கத்து வீட்டுத் தாத்தா கராஜைக் காலி செய்தபோது ஒரு கை ஆகரை, அதாவது மீன் பிடிக்க ஏரி ஐஸில் ஓட்டை போடும் திருகுக் கருவியைத் தூக்கிக் கொடுத்தார். சுவீடன் மோரா கம்பெனியுடையது, ஓட்டை 6 அங்குல அகலம், பெயிண்ட் பாதி உரிந்து திருகு முழுக்கத் துரு. ஞாயிற்றுக்கிழமை இங்கே கனடாவில் சிம்கோ ஏரியில் சுற்றினேன், சுற்றினேன், ஐஸ் மேல் வழுக்குகிறதே தவிர உள்ளே இறங்கவில்லை, ஒரு அங்குலத்துக்கே தோள்பட்டை கழன்றுவிட்டது. பக்கத்தில் ஒருவர் பேட்டரி டிரில்லில் ஆகரை மாட்டி நிமிஷத்தில் ஓட்டை போட்டுப் பெர்ச் மீன் பிடித்துக்கொண்டிருந்தார், எனக்கு வயிறு எரிந்தது. பிளேடை கிரைண்டரில் சாணை பிடிக்கக் கொடுக்கலாமா? என்னிடம் 18 வோல்ட் டிரில் ஒன்றும் இருக்கிறது.

சாணைக்கல்:
கிரைண்டர் வேண்டவே வேண்டாம். சூட்டில் பதம் போய்விடும், அதைவிட மோசம் கோணம் மாறிவிடும். சமையல் கத்திக்குக் கூர் இருந்தால் போதும், ஆகர் பிளேடில் முனை முதலில் ஐஸைத் தொட வேண்டும், பின்பக்கம் ஒரு மயிரிழை தூக்கி நிற்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்துவிட்டால் அதுதான் ஐஸில் உட்காரும், முனை அந்தரத்தில் நிற்கும், நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கத்தான் செய்யும். ஏற்கெனவே யாரோ கிரைண்டரில் காட்டியிருப்பார்கள் என்று சந்தேகம். ஆகரை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நேராக நிறுத்தி, கன்னத்தைத் தரையில் வைத்துப் பாருங்கள், எது தொடுகிறது என்று தெரியும்.

துருவுக்குப் பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு, வினிகரில் நனைத்த துணியைத் திருகில் சுற்றி ஒரு இரவு விடுங்கள், காலையில் கம்பி பிரஷ், அப்புறம் சோடா மாவுத் தண்ணீரில் கழுவி உடனே துடைத்துச் சமையல் எண்ணெய் தடவுங்கள்.

பனிக்காடன்:
டிரில்லில் மாட்டலாம் தம்பி. மேல் கைப்பிடியின் போல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டின் விட்டத்தை அளந்து அதற்கேற்ற அடாப்டர் (ஆகரை டிரில்லோடு இணைக்கும் துண்டு) வாங்குங்கள். அகலமான வட்டத் தட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ஆகர் கழன்றாலும் ஓட்டைக்குள் போகாமல் அந்தத் தட்டு மேலேயே நிற்கும். இதை நான் கஞ்சத்தனம் பார்த்துத் தட்டு இல்லாமல் செய்தேன்; கடைசி அங்குலம் உடைந்த அதே நொடியில் டிரில்லின் பிடி (சக்) விட்டுவிட்டது, ஆகர் தலையை ஆட்டிக்கொண்டே 30 அடி ஆழத்துக்குப் போனது, கையில் டிரில் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

டிரில்லில் 1 எண் கியர் (மெதுவான வேகம்), பக்கவாட்டுக் கைப்பிடி இரண்டும் கட்டாயம், இல்லையென்றால் பிளேடு சிக்கும்போது மணிக்கட்டு திருகிக்கொள்ளும். பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். உறைந்த பேட்டரியை வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போடாதீர்கள், முதலில் அறைச் சூட்டுக்கு வரட்டும்.

கைச்சுற்று:
நான் இன்னும் கையால்தான் சுற்றுகிறேன். 6 அங்குலத்துக்கு டிரில் எதற்கு? 8 அங்குலம் என்றால் வெட்ட வேண்டிய ஐஸ் ஏறக்குறைய 1.8 மடங்கு, அதற்கு வேண்டுமானால் நியாயம்.

ஸ்கார்பரோ_தூண்டில்:
கண்ணாடியில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு பிளேடில் பின்பக்கம்தான் தொடுகிறது, இன்னொன்று கண்ணாடியையே தொடவில்லை! தாத்தாவிடம் கேட்டால், "கிரைண்டரில் நானே பளபளவென்று தீட்டி வைத்தேன்" என்று பெருமையாகச் சொல்கிறார், என்ன சொல்ல. போல்ட் ஓட்டைகளின் இடைவெளியை அளந்து புதுப் பிளேடு ஜோடி ஆர்டர் போட்டாயிற்று. முதலில் கையால் சுற்றிப் பார்க்கிறேன். அடாப்டரை, தட்டு உள்ளதைத்தான் அண்ணே, அதற்கப்புறம் வாங்குகிறேன்.