சிறுநீர் சோதனை பாசிட்டிவ் என்றால் ஆள் போதையில் இருக்கிறாரா?

மருந்துப்பெட்டி:
கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி கொழுப்பில் கரையும் பொருள். மாசக்கணக்கில் உடம்பிலேயே தங்குகிறது. தங்கும்வரை வேலையும் செய்யத்தானே செய்யும்? சிறுநீரில் பாசிட்டிவ் வந்தவரை வண்டி ஓட்ட விடக்கூடாது என்பது என் கட்சி.

ஈரல்கணக்கு:
சிறுநீரில் தேடுவது டிஎச்சியையே இல்லை சார். கல்லீரலில் சிஒய்பி2சி9 என்சைம் டிஎச்சியை முதலில் 11-ஹைட்ராக்ஸி-டிஎச்சி ஆக்கும். இதற்குப் போதை உண்டு. அடுத்து அது கார்பாக்ஸி-டிஎச்சி ஆகும். இதற்குப் போதை கிடையாது. பெரும்பாலும் குளுக்குரோனிக் அமிலம் ஒட்டி, நீரில் கரையும் வடிவில் சிறுநீருக்கு வருவது இந்தக் கழிவுதான். முதற்கட்ட சோதனையில் பரவலாக உள்ள வரம்பு மில்லிக்கு 50 நானோகிராம், உறுதிச் சோதனைக்கு 15. இரண்டுமே கழிவின் கணக்கு.

மருந்துப்பெட்டி:
கொழுப்பிலிருந்து டிஎச்சி ரத்தத்துக்கு வந்தால்தானே கல்லீரல் உடைக்க முடியும்? அப்போ ரத்தத்தில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

ஈரல்கணக்கு:
இருக்கும். எவ்வளவு? புகைத்தால் 3 முதல் 10 நிமிடத்தில் உச்சம், பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதி) மில்லிக்கு 100 நானோகிராமைத் தாண்டுவது சகஜம். நாலு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ஒற்றை இலக்கம். அதற்குள் எல்லாம் உடைந்து தீர்ந்துவிடவில்லை. மூளைக்கும் நுரையீரலுக்கும் பிறகு கொழுப்புக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. அங்கிருந்து திரும்புவது சொட்டுச்சொட்டாகத்தான். அதனால்தான் ஒருமுறை புகைத்தவர் சிறுநீரில் மூன்று நாலு நாளில் தெளிகிறார், தினசரி ஆசாமிக்கு ஒரு மாதம்கூட ஆகிறது.

சோதனைக்குழாய்:
இருவருமே பாதிதான் சொல்கிறீர்கள். பல வருஷம் தினமும் புகைத்தவர்கள் நிறுத்தி வாரக்கணக்கில் ஆன பிறகும் ரத்தத்தில் டிஎச்சியே சிறிதளவு அகப்பட்டிருக்கிறது. அவர்கள் விஷயத்தில் 'வெறும் கழிவு' என்று கையைக் கழுவ முடியாது. புகைக்காமல் கஞ்சாவைத் தின்பண்டமாகத் தின்பவர் கதை வேறு. குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போவதால் பத்தில் ஒரு பங்குகூட டிஎச்சியாக ரத்தத்துக்குத் தேறுவது அரிது, ஆனால் 11-ஹைட்ராக்ஸி கூடுதலாக உருவாகிறது. உச்சம் ஒன்று இரண்டு மணி கழித்து, சிலருக்கு இன்னும் தாமதம். முக்கால் மணியில் 'ஒன்றும் ஏறவில்லையே' என்று இன்னொரு துண்டு தின்பவர்தான் பிறகு இரண்டும் சேர்ந்து ஏறி அவதிப்படுகிறார். அப்போதும் ரத்தத்தில் டிஎச்சி எண் சின்னதாகவே இருக்கும்!

ஓட்டக்காரர்:
நாலு நாள் ஓடி, வியர்த்து, தண்ணீர் குடித்தால் எல்லாம் போய்விடும் என்கிறார்களே?

சோதனைக்குழாய்:
வியர்வையில் போவது சொற்பம். மூன்றில் இரண்டு பங்கு பித்தநீர் வழியாக மலத்தில், ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரில். பித்தநீரில் இறங்கியதிலும் ஒரு பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிவிடும். ஓட்டத்தில் கொழுப்பு கரையும்போது ரத்தத்தில் டிஎச்சி கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. தண்ணீர் நீர்க்க மட்டுமே செய்யும். சிறுநீரில் வழக்கமாக இருக்கும் கழிவான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போய், ஒப்படர்த்தியும் (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) குறைந்தால் 'நீர்த்த சாம்பிள்' என்று ஆய்வகம் எழுதிவிடும்.

மருந்துப்பெட்டி:
சரி, வண்டி ஓட்டுபவரிடம் எதைத்தான் அளப்பது? எச்சிலையா?

ஈரல்கணக்கு:
எச்சிலில் டிஎச்சியையே பார்க்கிறார்கள், அந்த வகையில் மேல். ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் புகைக்கும்போது வாய்ச்சவ்வில் படிந்தது. கேப்சூலாக விழுங்கியவர் நல்ல போதையில் இருந்தாலும் எச்சில் சோதனையில் தப்பிவிடலாம்.