16 வார இன்டர்ன்ஷிப்: பயிற்சியா, ஆள் குறைக்கு ஈடா?

பொருநை:
பாளையங்கோட்டையில் பி.எட். இரண்டாம் வருடம், கணிதம். டவுனுக்கு மேற்கே ஒரு பள்ளியில் 16 வாரம் முடித்துவிட்டு வந்தேன். (டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது மட்டும் லாபம்.) யார் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு நான்தான். சமூக அறிவியல், பி.இ.டி. பீரியடு, சத்துணவு வரிசை, எமிஸ் (மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும்) பதிவு. சம்பளம் கிடையாது. 2015-இல் படிப்பை இரண்டு வருடமாக்கியது இதற்குத்தானா?

பழைய ஹெச்.எம்.:
எங்களுக்கு ஒரே வருடம், 40 நாள் டீச்சிங் பிராக்டிஸ். உங்களுக்கு வாரம் ஐந்து நாள் கணக்கில் 80. அப்புறமும் குறையா? சத்துணவு வரிசையில் நிற்பதும் வாத்தியார் வேலைதான் எம்மா. எவன் இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிறான் என்று பார்த்தால், காலையில் அவன் ஏன் டெஸ்க்கில் சாய்ந்து கிடந்தான் என்று தெரியும். கல்லூரியில் சக மாணவர்கள் முன்னால் சில நிமிடம் நடத்திப் பழகும் மைக்ரோ டீச்சிங்கில் அது வருமா?

டெட் எழுதினவன்:
அண்ணாச்சி, பொதுப் பிரிவில் 150-க்கு 90 எடுத்தால்தான் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ். அதற்கு நான் கோச்சிங் சென்டரில் தனியாகப் பணம் கட்டினேன். ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் கறுப்பாக்குகிறவனுக்குப் பாடம் நடத்தத் தெரியுமா என்று யார் பார்த்தார்கள்?

பொருநை:
அதேதான் நானும் சொல்வது. வரிசையில் நின்றது குறையில்லை சார். என் பாடத்தைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க ஆளில்லை. கல்லூரியிலிருந்து இரண்டு தடவை வந்தார்கள், நான் நடத்திய பாடங்களை எழுதி வைக்கும் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டுப் போனார்கள்.

விரிவுரையாளர்:
கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு பிரிவுக்கு, 50 பேர். எங்களிடம் இரண்டு யூனிட். சேரன்மகாதேவியில் நாலு பேர், நாங்குநேரியில் மூன்று பேர், வள்ளியூரில் இரண்டு பேர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். பஸ்ஸிலேயே எங்கள் நாள் போகிறது. பள்ளியில் இருக்கும் வழிகாட்டி ஆசிரியர்தான் தினமும் பார்க்க வேண்டும். அவரோ, நீங்கள் வந்ததும் பேப்பர் திருத்தப் போய்விடுகிறார்.

பழைய ஹெச்.எம்.:
சாக்கு. அப்படி என்ன பாடத்தில் தடுமாறினாய், சொல்லு பார்ப்போம்.

பொருநை:
ஏழாம் வகுப்பு, குறை எண் கழித்தல். (-5) - (-3) என்று போட்டால் பாதிப் பேர் -8 என்றார்கள். ஐந்து ரூபாய்க் கடனில் மூன்று ரூபாயைத் தள்ளுபடி செய்தால் இன்னும் இரண்டு ரூபாய்க் கடன், ஆக -2 என்றேன். பிடித்துக்கொண்டார்கள். அடுத்து (-3) - (-5). "டீச்சர், கடனே மூணு ரூபாதானே, அஞ்சை எப்படித் தள்ள?" என்று ஒரு பையன் கேட்டான். விதியைச் சொல்லிக் கடந்துவிட்டேன்.

பழைய ஹெச்.எம்.:
நல்ல பையன். அவன் கையில் முதலில் இரண்டு ரூபாயைக் கொடு. ஐந்து ரூபாய்க் கடனையும் எழுது. இரண்டும் சேர்ந்தால் அவன் நிலைமை -3தானே? இப்போது அந்த ஐந்து ரூபாய்க் கடனைத் தள்ளு. கையில் என்ன மிச்சம்?

பொருநை:
இரண்டு ரூபாய். சரியாக வருகிறது சார்! இது அன்றைக்குத் தெரியவில்லையே.

விரிவுரையாளர்:
அந்தப் பையன் கேட்டதை ரெக்கார்டில் எழுதினாயா?

பொருநை:
இல்லை மேடம். "மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டனர்" என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே உங்கள் கையெழுத்து மாதிரியே ஒன்று இருக்கிறது.